சீனி வருத்தத்துக்குக் கறுவாத் தண்ணீர் கொடுக்கலாமா?

திருகோணமலையில் இருக்கும் அம்மாவுக்குச் சீனி வருத்தம், தினமும் கறுவாத் தூள் கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கறிக்குப் போடும் அளவென்றால் பயமில்லை. கரண்டிக் கணக்கில் என்றால், எந்தக் கறுவா என்று முதலில் பாருங்கள்.

இலங்கைக் கறுவா சுருட்டு மாதிரி. மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று, விரலாலேயே நொறுக்கலாம். காசியா என்ற மற்ற வகைக் கறுவா தடித்த ஒற்றைச் சுருள். அதில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம், அது கூடினால் ஈரலுக்குக் கூடாது. ஐரோப்பிய அளவுகோலில் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் கூமரின்தான். ஒரு தேக்கரண்டி காசியாவே தாண்டிவிடலாம். நம்முடையதில் அது மிகக் குறைவு. தூளாக்கிவிட்டால் அடையாளம் தெரியாது, சந்தையில் பட்டையாகவே வாங்குங்கள்.

சீனி குறையுமா? ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்புறம், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவர் என்றால் டொக்டரிடம் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.