நான்கு பக்கம் மகளுக்கு, நான்கு வரி மகனுக்கு

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மகனுக்கு 2 வயது 8 மாதம். மகளுக்கு 14 மாதம். மகள் பிறக்கும்போது 2.6 கிலோ இருந்தாள். 6 மாதத்தில் 6.1, 9 மாதத்தில் 6.9, ஓராண்டில் 7.5, இப்போது 7.9 கிலோ. என் நாத்தனார் மகனுக்கும் இதே வயதுதான். அவன் 10 கிலோவைத் தாண்டிவிட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பிள்ளைக்குச் சோறு போடுகிறாயா, இல்லையா?" என்று கேட்கிறார்கள். ஊட்டினால் துப்பிவிடுகிறாள் என்பதால் நாளைக்கு நான்கைந்து முறை பாட்டிலில் பசும்பால் கொடுக்கிறேன். அவள் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். செவிலியர் தந்த இரும்புச்சத்து மருந்தைக் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட்டேன். எடை கூட எந்தச் சத்துப் பவுடர் வாங்கலாம்?

மகன் நன்றாகச் சாப்பிடுகிறான். பேச்சுதான் சரியாக வரவில்லை, நாலைந்து சொற்கள்தான். கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பமாட்டான், ஆனால் செல்போனில் பாட்டுப் போட்டால் ஓடி வருவான். வேண்டியதைக் கேட்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். ஒன்றரை வயதில் 'காக்கா', 'தாத்தா' என்றவன் இப்போது அவற்றைச் சொல்வதில்லை. இவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார் என்று மாமியார் சொல்வதால் விட்டுவிட்டேன்.

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

(கடிதம் சுருக்கித் தரப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் மகளைப் பற்றி நான்கு பக்கங்கள் இருக்கின்றன. மகனைப் பற்றிக் கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய நான்கு வரிகள்தான் இருக்கின்றன. படித்து முடித்தபோது எனக்குக் கவலை தந்தவை அந்த நான்கு வரிகள். ஆயினும் மகளைப் பற்றிய பாரத்தை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். அப்போதுதான் மகனைப் பற்றிச் சொல்லப்போவதைக் காதில் வாங்க உங்களுக்கு மனம் இருக்கும்.

உங்களிடம் இருக்கும் தாய் சேய் நல அட்டையில் எடைக்கான வளைகோட்டுப் படம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல் அது. நம் ஊர் உடல்வாகு வேறு, வெளிநாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வதுண்டு; ஆனால் அதற்காக அளக்கப்பட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளில் தெற்கு டெல்லிக் குழந்தைகளும் இருந்தார்கள். நீங்கள் எழுதிய ஐந்து எடைகளையும் பெண் குழந்தைக்கான படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஐந்தும் இயல்பான எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள், நடுத்தர எடையைக் காட்டும் நடுக்கோட்டுக்குக் கீழே, ஒரே சீராக ஏறிப் போகின்றன. 14 மாதப் பெண் குழந்தைக்கு, எடைக்குறைவைக் காட்டும் மஞ்சள் பட்டை 7.4 கிலோவுக்குக் கீழேதான் தொடங்குகிறது. உங்கள் மகள் அதற்கு அரைக் கிலோ மேலே இருக்கிறாள். சிறிய குழந்தையாகப் பிறந்து, தன் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வளர்கிறாள் என்பதே அந்தப் படம் சொல்லும் செய்தி. நாத்தனார் மகனோ ஆண் குழந்தை. இந்த வயதில் ஆண் குழந்தையின் நடுக்கோடு ஏறத்தாழ 10.1 கிலோ, பெண் குழந்தையின் நடுக்கோடு 9.4 கிலோ. ஆகவே அவனையும் இவளையும் ஒரே தராசில் நிறுத்தியதே முதல் பிழை. அந்தப் பிழை உங்களுடையது அன்று, வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டவர்களுடையது.

எடை என்பது ஒரு நாளின் எண்ணாக நின்றால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. இரண்டு மூன்று மாதங்களாகக் கோடு ஏறாமல் படுத்துவிட்டாலோ, பச்சையிலிருந்து மஞ்சளை நோக்கிச் சரியத் தொடங்கினாலோதான் கவலைப்பட வேண்டும். மருந்துக்கடை இயந்திரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி, பிறகு தனியே ஏறி, உங்கள் எடையைக் கழித்து, வாரந்தோறும் குறித்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கான அந்த இயந்திரம் கால் கிலோ முன்பின்னாகக் காட்டினாலும் நமக்குத் தெரியாது. ஈரமான டயப்பர் ஒன்றே 200 கிராமைத் தாண்டக்கூடும். "போன வாரம் 150 கிராம் குறைந்துவிட்டாள், இரவெல்லாம் தூங்கவில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த 150 கிராம் பெரும்பாலும் இப்படிப் போனதாகத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை, அங்கன்வாடியின் அதே தராசில், மெல்லிய சட்டையோடு, டயப்பர் இல்லாமல் எடை பார்த்தால் போதும். பார்த்த அன்றே அட்டையில் புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு இணைத்துவிடுங்கள். பல வீடுகளில் அட்டையில் எண்கள் வரிசையாக இருக்கின்றன, கோடு மட்டும் இருப்பதில்லை.

நடைக்கு வருவோம். செங்கீரை, சப்பாணி, வருகை என்று பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பருவம் பிரித்துப் பாடியது போல எல்லாக் குழந்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியேறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஆய்விலேயே நலமாக இருந்த குழந்தைகள் 8 மாதம் முதல் 17 மாதம் கடந்தும் வெவ்வேறு வயதில் தனியே நடந்தார்கள். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. 14 மாதத்தில் சுவரைப் பிடித்து நடப்பவள் காலத்தோடுதான் நடக்கிறாள். 18 மாதம் ஆகியும் தனியே நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வாக்கரில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் நான் மாற்றச் சொல்வது பாலைத்தான். நான்கைந்து பாட்டில் என்றால் 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். அவ்வளவு பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது? அவள் துப்புவதற்குக் காரணம் பசியின்மை அன்று, வயிறு நிறைந்திருப்பதுதான். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. உணவில் இருக்கும் இரும்பு உடலில் சேர்வதையும் அது தடுக்கும். பாலை நாளைக்கு 400, 500 மில்லிக்குள் நிறுத்தி, பாட்டிலை விட்டுவிட்டு டம்ளரில் கொடுங்கள். முதல் நான்கைந்து நாள் அழுகை இருக்கும். மாமியாருக்குப் பொறுக்காது, உங்களுக்கும் பொறுக்காது. ஆனாலும் ஒரு வாரத்தில் பசி தன் வேலையைச் செய்யும். பருப்புச் சாதத்தை நெய்யோ எண்ணெயோ ஒரு கரண்டி விட்டுக் குழையப் பிசைந்து, முட்டை, கீரை, மீன் என வீட்டில் சமைப்பதையே காரம் குறைத்து, நாளைக்கு மூன்று நான்கு வேளை, வேளைக்கு முக்கால் கிண்ணம் வரை கொடுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரும்புச்சத்து மருந்தை மறுபடியும் தொடங்குங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரு முறை 1 மில்லி கொடுக்கச் சொல்வது அரசின் திட்டம். மலம் கறுப்பாவது உடலில் சேராமல் மிஞ்சிய இரும்பு வெளியேறுவதால். அதனால் கெடுதல் இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இந்த வயதுக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதனால் அடுத்த முறை சுகாதார நிலையம் போகும்போது மகளுக்கு ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சத்துப் பவுடர் எதுவும் வேண்டாம். அதற்குச் செலவிடும் காசில் மாதம் முழுக்க முட்டை வாங்கலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி மாட்டுக்குப் போடாமல் கஞ்சியாகக் காய்ச்சலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி மகன்.

இரண்டு வயது முடியும்போது ஒரு குழந்தை 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேச வேண்டும். உங்கள் மகனுக்கு அந்த வயது கடந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. பேச்சுத் தாமதம் மட்டும் என்றால் நான் இத்தனை அழுத்தமாக எழுதமாட்டேன். பேச்சு தாமதமாகி, ஆனால் சொல்வதையெல்லாம் புரிந்துகொண்டு, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டி, முகம் பார்த்துச் சிரித்து, பிறகு ஒரு நாள் மடை திறந்தது போலப் பேசத் தொடங்கும் குழந்தைகள் உண்டு. உங்கள் கணவர் அப்படி ஒரு குழந்தையாக இருந்திருக்கலாம். மாமியார் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பேசாத அந்த நான்கு வயது வரை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பினாரா? நிலாவைக் கையால் காட்டினாரா? வந்த சொல் எதையாவது இழந்தாரா?

ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சொல் 'காக்கா'. சொன்ன சொல்லை ஒரு குழந்தை சொல்லாமல் விட்டுவிடுவது, எந்த வயதிலானாலும், பொறுத்துப் பார்க்கும் விஷயம் அன்று. கூப்பிட்டால் திரும்பாததும், சுட்டிக்காட்டாமல் உங்கள் கையையே ஒரு கருவி போல இழுத்துச் செல்வதும் அதனோடு சேரும்போது, இந்த மாதத்திலேயே அவனைக் காட்டியாக வேண்டும். இது ஆட்டிசமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதும்போது அந்தச் சொல் மனதில் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். கடிதத்தை வைத்துக்கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது தவறு. காது கேட்பதில் குறையும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்.

முதலில் காது. செல்போன் பாட்டுக்கு ஓடி வருகிறான், எனவே காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பீர்கள். பாட்டின் தாளம் கேட்கும் காதுக்குப் பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகக்கூடும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் தங்கியும் கேட்கும் திறன் மங்கலாம். குழந்தை தூங்கும்போது தலையில் சிறு கம்பிகளை ஒட்டிப் பார்க்கும் 'பெரா' பரிசோதனையில் இது தெரிந்துவிடும், வலி கிடையாது. நாக்கு தடித்திருக்கிறது, வசம்பைத் தேய்த்தால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். கூப்பிட்டால் திரும்பாததற்கு நாக்கு என்ன செய்யும்?

எங்கே போவது? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கவனிக்க மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைச் சொல்லி 'டி.இ.ஐ.சி. எங்கே' என்று கேட்டால் காட்டுவார்கள். குழந்தை நல மருத்துவர், காது கேட்பதையும் பேச்சையும் பார்ப்பவர், உளவியலாளர் ஆகியோர் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அந்த மையத்தின் நோக்கம், சிகிச்சை இலவசம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே சொன்னால் எந்த நாளில் போவது என்று விசாரித்துத் தருவார். நோயின் பெயர் முடிவாகட்டும், பிறகு பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர் எதுவானாலும் பயிற்சி இப்போதே தொடங்கலாம்.

அதுவரை வீட்டில் செய்ய ஒன்று உண்டு. செல்போனை எடுத்து வைத்துவிடுங்கள். இந்த வயதில் திரை நேரம் நாளைக்கு ஒரு மணிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள் இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள். இவனுக்கு அதுவும் வேண்டாம் என்பேன். போன் இவனை இப்படி ஆக்கியது என்று நான் சொல்லவில்லை, உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். போன் எடுத்துக்கொள்ளும் நேரம் நீங்கள் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேச வேண்டிய நேரம், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றும்போது 'தண்ணி' என்றும் சட்டை போடும்போது 'கை' என்றும், ஒரு நேரத்தில் ஒரு சொல்லாக, அவன் கண் உங்கள் முகத்துக்கு வந்தபின் சொல்லுங்கள்.

மையத்துக்குப் போகும்போது பிறந்தபோது தந்த மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் அவன் சொல்லும் சொற்கள், சொல்லி விட்டுப்போன சொற்கள், எந்த மாதம் என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே கேட்கும்போது எந்தத் தாய்க்கும் நினைவு வராது. புதிய இடத்தில் அவன் அழலாம், அல்லது பேசாமல் ஒடுங்கி உட்கார்ந்துவிடலாம், மருத்துவர் பார்க்க வேண்டியது எதுவும் அந்தப் பத்து நிமிடத்தில் வெளிப்படாமல் போகலாம். எனவே எடுத்து வைக்கச் சொன்ன அந்த போனை இதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்: அவன் விளையாடும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், உங்கள் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரை இழுத்துப் போவதையும், அவனுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று நாள் அரை நிமிடம் அரை நிமிடமாக உங்கள் கணவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மையத்தில் கூட்டம் இருக்கும். மகளை அன்று ஒரு நாள் மாமியாரிடம் விட்டுவிட்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.