கம்பெனியே முறுக்கிய எஞ்சினை நாமும் முறுக்கலாமா?

வணக்கம் சார்,

போன வருடம் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினோடு ஒரு பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கினேன். கம்பெனியே வேகத்துக்கென்று செய்த மாடல், வாரண்டி இன்னும் இருக்கிறது. அவ்வப்போது டிராக்கில் ஓட்டுவேன். நாலைந்து சுற்று போனதும் கார் சோர்ந்துவிடுகிறது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை ரீமேப் செய்தால், அதாவது அதன் புரோகிராமை மாற்றி எழுதினால் அது சரியாகும், பவரும் கூடும் என்கிறார் ஒரு டியூனர். செய்யலாமா?

கே.

அன்புள்ள கே.,

இப்போதைக்கு வேண்டாம். நாலைந்து சுற்றுக்குப் பிறகுதான் சோர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் பெரும்பாலும் காரணம் சூடுதான், பவர் போதாமல் இல்லை. டர்போ அழுத்துகிற காற்று சூடாகும், அதை ஆற்றி அனுப்ப வேண்டிய இன்டர்கூலரே சுற்றுக்குச் சுற்று சூடேறிக்கொண்டு போனால் எஞ்சினுக்குள் சூடான காற்றுதான் போகும், எங்கே நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பித் தானாக வெடிப்பது) வந்துவிடுமோ என்று ஈசியூ தானாகவே ஸ்பார்க் விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி, டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டையும் குறைக்கும். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைத்தான் நீங்கள் சோர்வு என்கிறீர்கள். ரீமேப்பில் பூஸ்ட் கூடும், கூடவே சூடும் கூடும். முதல் சுற்று பிரமாதமாக இருக்கும். சோர்வு இன்னும் சீக்கிரம் வரும்.

சாதாரண டர்போ காரில் ரீமேப்புக்கு இடம் நிறைய உண்டு, ஒரே எஞ்சினைப் பல மாடல்களில் பல பவரில் விற்பார்கள் இல்லையா. உங்களுடையது மாதிரி காரில் அந்த இடத்தில் பெரும்பகுதியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டிருக்கும். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் காரின் எம்139 எஞ்சின் இரண்டே லிட்டரில் 421 குதிரைத்திறன் தருகிறது! அதற்கு மேல் மிச்சம் விட்டிருப்பது மட்டமான பெட்ரோலுக்கும் கொளுத்துகிற வெயிலுக்கும்தான், அந்த மிச்சத்தைத்தான் டியூனர் உங்களிடம் விற்கிறார். (டர்போவே இல்லாத ஹோண்டா எஸ்2000 மாதிரி கார் என்றால் ரீமேப்பில் கிடைப்பது சொற்பம், அது 1999-லேயே 9,000 ஆர்பிஎம் வரை சுழன்ற எஞ்சின்.)

அப்புறம் வாரண்டி. கம்பெனியின் பழைய புரோகிராம் ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பார்கள், நம்பாதீர்கள், எழுதிய தடயம் ஈசியூவிலேயே தங்கக்கூடும். ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் ரீமேப் செய்த கார் என்று காட்டும் டிடி1 என்று ஒரு குறி கம்பெனியின் பதிவில் விழுந்துவிட்டால் எஞ்சின், கியர்பாக்ஸ் கோளாறுக்கு வாரண்டி வாங்குவது பெரும்பாடு. இன்சூரன்ஸிலும் சொல்லியாக வேண்டும்.

முதலில் பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம், டிராக்கில் பெடல் தொபுக்கென்று உள்ளே போகும்போது எத்தனை குதிரைத்திறன் இருந்து என்ன. நல்ல பிரேக் பேட், நல்ல டயர் போடுங்கள். இரண்டு சுற்று விரட்டினால் ஒரு சுற்று ஆறவிட்டு ஓட்டுங்கள், எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை லாக் (பதிவு) செய்து பாருங்கள்.

வாரண்டி முடிந்த பிறகும் ஆசை விடவில்லையென்றால் பெரிய இன்டர்கூலர் முதலில், ரீமேப் அதற்கப்புறம். அந்த டியூனரிடம் டைனோ கிராஃப் (காரை உருளைமேல் நிறுத்தி ஓட்டிப் பவர் அளந்த படம்) கேட்க வேண்டாம், இதே மாடலை ரீமேப் செய்து டிராக்கில் ஐந்தாவது சுற்றில் எடுத்த லாக் இருக்கிறதா என்று கேளுங்கள். அனுப்பினால் எனக்கும் ஒரு காப்பி.