ஸ்வெதோஸார் மிலெதிச் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இன்று செர்பியாவிலும் அன்று ஹங்கேரியிலும் இருந்த நோவி சாத் நகரின் மேயராக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணியாற்றிய செர்பியத் தலைவர் மிலெதிச்சைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். ஹங்கேரியர்களோடு இணக்கம் வேண்டும் என்று எழுதியவரை ஹங்கேரி அரசே இருமுறை சிறையில் அடைத்திருக்கிறது. அப்படியென்றால், காலத்துக்கேற்பக் கொள்கையை மாற்றிக்கொண்டவர்தானே அவர்?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மிலெதிச்சின் கொள்கை தொடக்கம் முதல் ஒன்றே என்பது என் துணிபு.

1848 புரட்சியில் ஹங்கேரியர்களை எதிர்த்து, ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவின் பக்கம் நின்ற செர்பியர்கள், அதற்கு ஈடாகத் தன்னாட்சியை எதிர்பார்த்தார்கள். 1849 ஜூனில் பெட்ரோவரதின் கோட்டையிலிருந்து ஹங்கேரியப் பீரங்கிகள் சுட்டதில் நோவி சாத்தின் பெரும்பகுதி அழிந்தது. இத்தனை இழப்புக்குப் பிறகு பேரரசர் அளித்த வோய்வோதினா என்ற தனி மாகாணம், பெயரளவில் மட்டுமே செர்பியர்களுடையது; அதிகாரம் வியன்னாவின் அலுவலர்களிடமே இருந்தது. 1860 டிசம்பரில் அதையும் அவர் ஓர் ஆணையில் கலைத்தார். அடுத்த சில நாட்களில் மிலெதிச் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அரண்மனையின் தயவை நம்பியிருந்த காலம் முடிந்தது என்றும், இனிச் செர்பியர்கள் தங்கள் வலிமையையும் ஹங்கேரியர்களுடனான உடன்பாட்டையும் நம்ப வேண்டும் என்றும் வாதிட்டது. அவர் நாடியது சட்டத்தின் வழி கிடைக்கும் சம உரிமையை. அதைத் தரக்கூடியவர்கள் என்பதால்தான் ஹங்கேரியத் தாராளவாதிகளை நாடினார்.

1861-இல், 35 வயதில் மேயரானதும், செர்பிய மொழியை நகர நிர்வாகத்தின் மொழியாக்கினார். அவ்வாண்டே செர்பிய தேசிய நாடக அரங்கு அங்கே தொடங்கியது. 1864-இல் மாதித்ஸா ஸ்ர்ப்ஸ்கா என்ற பண்பாட்டு அமைப்பும் பெஸ்ட் நகரிலிருந்து அங்கு வந்துசேர்ந்தது. ஒரு நகராட்சிப் பதவியைக்கொண்டு இவ்வளவு செய்யமுடியும் என்பதே எனக்கு வியப்பளிக்கிறது.

ஆனால் 1867-இல் வியன்னாவும் ஹங்கேரியும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. மறு ஆண்டு வந்த தேசிய இனச் சட்டம், ஹங்கேரியில் வாழும் எல்லாரும் ஒரே ஹங்கேரிய அரசியல் தேசம் என்றது. மிலெதிச் நாடாளுமன்றத்தில் ருமேனிய உறுப்பினர்களோடு சேர்ந்து அதை எதிர்த்தார். வியன்னாவிடம் எதைக் கேட்டாரோ அதையே இப்போது பெஸ்டிலிருந்த ஹங்கேரிய அரசிடமும் கேட்டார். அதே 1868-இல், இரண்டாம் முறையாக வகித்த மேயர் பதவி பறிக்கப்பட்டது. 1870-இல், தாம் நடத்திய ‘ஸாஸ்தவா’ இதழில் வெளிவந்த எழுத்துக்காக ஹங்கேரியின் வாத்ஸ் நகரச் சிறைக்குச் சென்றார். 1876-இல், துருக்கியருக்கு எதிரான செர்பியாவின் போருக்குத் தொண்டர்களைத் திரட்டினார் என்று, நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய பாதுகாப்பையும் மீறிக் கைது செய்தார்கள்; 1879-இல் வெளியே வந்தபோது அவருடைய மனநலம் சிதைந்திருந்தது. கொள்கையை மாற்றிக்கொள்ளும் மனிதராக இருந்திருந்தால் இந்தச் சிறைகளை எளிதில் தவிர்த்திருப்பார்.

அவரிடம் குறைகாண வேறொரு இடம் உண்டு. 1869-இல் அவர் அமைத்த கட்சி அவரையே அச்சாகக்கொண்டு சுழன்றது. நோயில் அவர் ஒதுங்கியதும் அது தீவிரர், தாராளவாதிகள் என்று பிளந்தது. 1890 தொடக்கத்தில், தீவிரர்களின் தலைவரும் மிலெதிச்சின் மருமகனுமான யாஷா தோமிச், தாராளவாதத் தலைவர் மிஷா திமித்ரியேவிச்சைக் கொலை செய்யும் அளவுக்குப் பகை முற்றியது. மிலெதிச் 1901-இல்தான் இறந்தார்.