சுவரை அப்புறம் பார்க்கலாம், பையனின் விலாவைப் பாருங்கள்

பொங்கல் லீவுக்குப் பரமக்குடியில் அம்மா வீட்டில் இருந்த நான்கு நாளும் பையன் இருமவே இல்லை, தங்கச்சிமடம் திரும்பிய அன்று ராத்திரியே இருமல் ஆரம்பித்துவிட்டது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். நீங்களோ வீட்டு ஈரச் சுவரில் படரும் கருப்பைப் பார்த்துப் பயந்து, கருப்புப் பூஞ்சை கண்ணைப் பறித்துவிடும் என்று செல்போனில் பார்த்த வீடியோவுக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

2021-இல் கொரோனாவோடு வந்து கண்ணைப் பறித்தது மியூகர் என்கிற பூஞ்சை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களையும் ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களையும்தான் அது பெரும்பாலும் பிடித்தது. ஈரச் சுவரில் கருப்பாகப் படர்வதெல்லாம் அதுவல்ல. சர்க்கரை உள்ள மாமியாரை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள், படுக்கையை வேறு அறைக்கு மாற்றுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய பூஞ்சை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். சுவரில் இருப்பதற்கு வயிற்றுக்குள் மருந்தா? சன்னலுக்குக் கீழே வெள்ளையாகப் பொரிவது வெறும் உப்பு. நம் கடலோரத்தில் அது இல்லாத வீடு ஏது?

சரி, பையனுக்கு வருவோம். ஈரச் சுவரின் பூஞ்சைத் தூள் சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறதா? இன்று ராத்திரி அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிந்தால், அல்லது ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதெல்லாம் இல்லையென்றாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் கொடுத்தால் "பழகிவிடும்" என்று அத்தை சொல்வதைக் கேட்டு மறுக்காதீர்கள். போன வருஷத்து இருமல் சிரப்பைக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து தேய்த்தாராம், கண் எரிந்து மூச்சு முட்டியதாம். முட்டாமல் என்ன செய்யும்? அதில் கிளம்புவது குளோரின் வாயு. பூஞ்சையைவிட அதுதான் ஆளைச் சாய்க்கும். இனி எதையும் எதோடும் கலக்க வேண்டாம்.

இனி சுவர். முதலில் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் ஊறினால் மொட்டைமாடி. சித்திரை வெயிலிலும் காயவில்லையென்றால் சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகப்படுங்கள். சுவிட்ச் பெட்டிப் பக்கம் ஈரம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகுதான் மற்ற வேலை. ஒழுக்கை அடைத்தபின், பையனை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். காய்ந்தபடி சுரண்டினால் தூள் வீடெங்கும் பறக்கும். உப்பிய பூச்சைக் கொத்தனார் கொத்தி எடுக்கட்டும். ஈரத்தின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, அந்தப் பரமக்குடி நான்கு நாள் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.