கௌரவம் பாரிஸ்டரும் நம்ம கோர்ட்டும்: கேளுங்க, சொல்றேன்

ஞாயித்துக்கிழமை, ஏற்காட்ல தங்கச்சி வீட்ல இருக்கேன், வெளிய ஒரே மூட்டம், எதுக்க இருக்கற சில்வர் ஓக் மரம்கூட தெரியல. அதனால 1973 தீபாவளிக்கு வந்த கௌரவம் படத்தப் பத்தி கேக்கறவங்க ஊர் பேரு போட்டுக் கேக்கலாம். சேலம் கோர்ட்ல கிரிமினல் வக்கீலா முப்பது வருஷம் ஓட்டியாச்சு. ஒரே கண்டிஷன், யூட்யூப்ல மூணு நிமிஷம் வெட்டிப் போட்ட கோர்ட் சீனப் பாத்துட்டு வராதீங்க, முழுப்படம் பாத்துட்டு வாங்க.

சூரமங்கலம்: படம் பாக்காதவங்களுக்கு கதைய சொல்லுங்க சார்.

இப்பதான் சொன்னேன். சரி, சுருக்கமா. பாரிஸ்டர் ரஜினிகாந்த்னு சிவாஜி, பெரிய கிரிமினல் வக்கீல், ஜட்ஜ் பதவி தனக்குத்தான்னு இருந்தவருக்கு அது கிடைக்கல. அந்த கோவத்துல, பொண்டாட்டியக் கொன்ன மோகன்தாஸோட (மேஜர் சுந்தர்ராஜன்) கேஸ எடுத்து விடுதலை வாங்கிக் குடுத்துடறார். அப்புறம் அவனோட பழகின பொண்ணு நீச்சல் குளத்துல செத்துப்போகுது, இந்த தடவ அவன் பண்ணல, ஆனா மாட்டிக்கறான். எதிர்ல பிபியா, அதாவது அரசு வக்கீலா நிக்கறது பாரிஸ்டர் மகன் மாதிரி வளத்த கண்ணன், அதுவும் சிவாஜிதான். எழுதி டைரக்ட் பண்ணது வியட்நாம் வீடு சுந்தரம், அவரோட கண்ணன் வந்தான் நாடகம்தான் படமாச்சு.

செவ்வாய்ப்பேட்டை: சூப்பர் ஸ்டாருக்கு இந்த கேரக்டர் பேரத்தான் வச்சாங்களாமே?

இல்லைங்க. பாலசந்தரோட மேஜர் சந்திரகாந்த், 1966, அதுல வர்ற ஒரு கேரக்டர் பேரு.

அஸ்தம்பட்டி, சட்டம் படிக்கிற பொண்ணு: முதல் கேஸ்ல விடுதலை ஆனதும் அவன ஒண்ணும் பண்ண முடியாதுங்கற மாதிரி காட்றாங்களே, சரியா சார்?

நல்ல கேள்விம்மா, படத்தோட ஓட்டையே இங்கதான். அதே குத்தத்துக்கு மறுபடி புதுசா கேஸ் போட முடியாது, அரசியலமைப்பு 20(2), அது சரி. ஆனா செஷன்ஸ் கோர்ட்ல விடுதலை ஆனா கதை முடிஞ்சுதுன்னு யார் சொன்னது? கவர்மெண்ட் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அப்ப இருந்த 1898 சிஆர்பிசில (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 417வது பிரிவு, அடுத்து வந்ததுல 378. அப்பீல் ஒரு வார்த்தை போயிருந்தா ரெண்டாவது பாதியே தேவையில்ல. இன்னொண்ணு, ரெண்டாவது கேஸ் நடக்கும்போது ‘இவன் ஏற்கனவே ஒரு கொலை பண்ணவன்’ங்கறத சாட்சியமா கொண்டு வர முடியாது. சாட்சியச் சட்டம் 54, எதிரியோட (கோர்ட் பாஷைல குத்தம் சாட்டப்பட்டவன்) பழைய கெட்ட நடத்தை சம்பந்தமில்லாதது, அவனே ‘நான் யோக்கியன்’னு சாட்சி வச்சாதான் அந்த கதவு திறக்கும். இப்ப புது சட்டத்துல அது 49.

அயோத்தியாபட்டணம்: நம்ம கோர்ட்லயும் சுத்தியல் தட்டி ஆர்டர் ஆர்டர்னு சொல்வாங்களா? கீதை மேல சத்தியம்?

சுத்தியல் கிடையாது. கீதையும் கிடையாது, 1969 சத்தியப்பிரமாண சட்டப்படி வாயால சொன்னா போதும்.

குகை: ஜட்ஜ் ஆகலன்னா ஒரு மனுசன் இவ்ளோ கெட்டுப்போவானா? கொஞ்சம் ஓவரா தெரியுது.

ஓவர் இல்ல. அப்ப கொலீஜியம், அதாவது மூத்த ஜட்ஜுங்களே புது ஜட்ஜுகளத் தேர்ந்தெடுக்கற முறை எல்லாம் இல்ல, அது 1993 தீர்ப்புக்கு அப்புறம். பத்து வருஷம் ஹைகோர்ட் பிராக்டீஸ் இருந்தா தகுதி, ஆனா தகுதி வேற, பேரு போறது வேற. பார் ரூம்ல அத நெனச்சே வெந்துபோன ஆளுங்கள நானே பாத்திருக்கேன், டீ ஆறிப்போறது தெரியாம உக்காந்திருப்பாங்க. ஆனா கோவத்த எங்க காட்டறதுங்கறதுக்கு நம்ம ஊர்லயே ஒருத்தர் இருந்தார், சேலம் விஜயராகவாச்சாரியார். சட்டக் கல்லூரி வாசல் மிதிக்காம தானே படிச்சு பிளீடர் ஆனவர், 1882 சேலம் கலவர வழக்குல அவரையே மாட்டி விட்டாங்க. போராடி வெளிய வந்தார், வந்ததும் நிக்கல, முனிசிபாலிட்டி பதவியப் பறிச்சதுக்கு சர்க்கார் மேலயே கேஸ் போட்டு நூறு ரூபா நஷ்டஈடு வாங்கினார். பின்னால 1920 நாக்பூர் காங்கிரசுக்கு தலைவர் ஆனார். பாரிஸ்டரும் அந்த கோவத்த கோர்ட்ல மனுவா போட்டிருக்கலாம், கொலைகாரன் மேல ஏத்திட்டார்.

சீலநாய்க்கன்பட்டி: குறுக்கு விசாரணை சீன் எல்லாம் நிஜத்துல அப்படி இருக்குமா?

நிஜத்துல நல்ல குறுக்கு விசாரணை பாக்க போரடிக்கும். கேக்கறத விட எங்க நிறுத்தறோம்ங்கறதுதான் வித்தை. எனக்கு புதுசுல ஒரு கொலுசுத் திருட்டு கேஸ். பட்டறைக்காரர் கூண்டுல நிக்கறார். ‘ஊர்ல ஆயிரம் பேர் இதே மாடல் செய்றாங்கல்ல?’ ‘ஆமாங்க.’ ‘பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்?’ ‘ஆமாங்க.’ அங்கயே உக்காந்திருக்கணும், எளவட்டம், சீனியர் பாக்கறாரேன்னு ‘அப்புறம் எப்படி உங்க கொலுசுன்னு சொல்றீங்க?’ன்னு கேட்டுட்டேன். மனுசன் நிதானமா கொக்கியத் திருப்பி ஜட்ஜ்கிட்ட காட்னார், ‘என் அரத்துல ஒரு பல்லு உடைஞ்சிருக்குங்கய்யா, ராவுனா நடுவுல இந்தக் கோடு விழும்’னு. கேஸ் போச்சு. சீனியர் ஒண்ணும் சொல்லல, ஒரு வாரம் என்னை கேஸ் கட்டு மட்டும் தூக்க வச்சார்.

ஆத்தூர்: கொலைகாரன்னு தெரிஞ்சும் வாதாடினது தப்புதான சார், அத எப்படி சப்போர்ட் பண்றீங்க?

வாதாடினது தப்பே இல்ல தம்பி. வக்கீல் தன் மனசுல என்ன நெனச்சாலும் எதிரிக்காக நிக்கணும்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. 2010ல சுப்ரீம் கோர்ட், நம்ம கோயம்புத்தூர் விவகாரத்துலயே, ‘இன்னாருக்கு ஆஜராக மாட்டோம்’னு வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டா செல்லாதுன்னு சொல்லிருச்சு.

ஆத்தூர், மறுபடியும்: அது சரிங்க சார், ஆனா இவர் கடமைக்கா எடுத்தார்? வீம்புக்கு எடுத்தார்.

அத ஒத்துக்கறேன். அதுதான் அவர் பண்ண பாவம்.

ஓமலூர்: ஆத்தூர் அண்ணன் சொல்றதுதான் கரெக்ட். கண்ணன்தான் ஹீரோ.

கண்ணன் என்ன ஹீரோ? பண்ணாத கொலைக்கு ஒருத்தனுக்கு தண்டனை வாங்கிக் குடுக்கறவனா? தியேட்டர்ல கைதட்டறோம், ஏன்னா முதல் கொலை நமக்குத் தெரியும். ஜட்ஜுக்கு தெரியக்கூடாது, அதுதான சட்டம்.

ஆத்தூர்: முதல் கொலைக்கு கிடைச்ச தண்டனைன்னு வச்சுக்கங்களேன்.

அப்படி வச்சுக்க முடியாதுன்னுதான்யா மேல அந்தப் பொண்ணுக்கு இவ்ளோ நீளமா எழுதினேன்! படிங்க. அப்பீல்னு ஒண்ணு இருக்கு.

மேச்சேரி: சார் எங்க பங்காளி வரப்ப வெட்டிட்டான்...

சிவில் வக்கீலப் பாருங்க. காசு இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி.

தாரமங்கலம்: ரஜினிக்கு பேரு கௌரவம் படத்துல...

மேல.

ஆத்தூர்: கடைசியா ஒண்ணு சார். பாரிஸ்டர் இடத்துல நீங்க இருந்தா ரெண்டாவது கேஸ எப்படி நடத்துவீங்க?

டாக்டர் கூண்டுல ஏறட்டும்னு காத்திருப்பேன். தண்ணில மூழ்கித்தான் செத்தாங்கன்னு போஸ்ட்மார்ட்டம் சொல்லும், தானா விழுந்தாங்களா, யாராச்சும் தள்ளினாங்களான்னு அது மட்டும் வச்சு சொல்ல முடியாது. ‘காயம், பிடிச்ச தடம் ஏதாச்சும் இருந்துச்சா டாக்டர்?’ இல்லைம்பார். ‘அப்ப தவறி விழுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு?’ இருக்கும்பார். உடனே உக்காந்துருவேன். கொலுசுக்காரர் மூஞ்சி கண்ணு முன்னால வந்துரும்ல.