தூக்கிவிடுகிறவன் என்ன செய்கிறான்? – கடிதம்

வணக்கம் அக்கா,

போன மாதம் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் ஸ்கேட் மாட்டி ஆடும் ஆட்டம்) வீராங்கனை இரீனா ரோட்னினா பற்றி எழுதியிருந்தீர்கள். 1973 பிராட்டிஸ்லாவா உலகப் போட்டியில் பாதியில் இசை நின்றுபோயும் அவரும் அவருடைய ஜோடி ஸைத்சேவும் நிறுத்தாமல் ஆடி முடித்ததைப் படித்துவிட்டு யூடியூபில் தேடப் போனேன். அங்கே இன்னொரு சோவியத் ஜோடியான கோர்தேயெவா–கிரின்கோவிடம் மாட்டிக்கொண்டேன். மூன்று நாட்களாக ராத்திரி வேலையே இதுதான். கூட உட்கார்ந்து பார்த்த என் மனைவி கேட்டாள்: “அந்தப் பொண்ணு பறக்குறா, சரி. அந்தப் பையன் என்ன பண்றான்? தூக்கி விடுறான், அவ்வளவுதானே?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். 1994 ஒலிம்பிக்கில் தப்பு செய்தும் தங்கம் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டை போட்டிருக்கிறார்களே, உண்மையா? அடுத்ததைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கிரின்கோவ் 28 வயதில் இறந்துபோனதால்தான் இவர்களுக்கு இத்தனை புகழா?

தினேஷ்,
ஓசூர்

அன்புள்ள தினேஷ்,

உங்கள் மனைவி கேட்டிருப்பதுதான் அசல் கேள்வி. இந்தப் பதிலை அவருக்கே எழுதுவதாக வைத்துக்கொள்கிறேன். அவன், அவள் என்றுதான் எழுதப் போகிறேன். குழந்தைகளாக ஜோடி சேர்ந்தவர்கள், எனக்கு அவர் இவர் என்று வரமாட்டேன் என்கிறது.

மாஸ்கோவில் செம்படையின் விளையாட்டுக் கழகம், சி.எஸ்.கே.ஏ. அங்கே 1981ல் விளாதிமிர் ஸகாரோவ் என்ற பயிற்சியாளர் 14 வயது செர்கேய் கிரின்கோவுக்கு ஜோடியாக 10 வயது எக்கதெரீனா கோர்தேயெவாவைச் சேர்த்துவைத்தார். வீட்டில் அவள் கத்யா. அப்பா நடனக்காரர், அம்மா டாஸ் செய்தி நிறுவனத்தில் வேலை. 4 வயதில் அவளைப் பனியில் இறக்கியபோது அந்தக் காலுக்கு அளவான ஸ்கேட் கிடைக்கவில்லை. காலுறைக்கு மேல் காலுறையாக மாட்டிக்கொண்டு பெரிய ஸ்கேட்டுக்குள் காலை நுழைத்திருக்கிறாள். செர்கேயின் பெற்றோர் இருவரும் காவல்துறையில் இருந்தவர்கள். தனியாக ஆடிப் பெரிய ஆளாகும் அளவுக்கு இருவருக்குமே தாவல் வரவில்லை. அதனால்தான் ஜோடி ஆட்டத்துக்கு வந்தார்கள். 14 வயதுப் பையனிடம் நண்டு மாதிரி ஒரு பிள்ளையைக் கொடுத்து இனி இவளோடுதான் என்றால் அவன் முகம் எப்படிப் போயிருக்கும்! முதல் சில வருடங்கள் தளத்துக்கு வெளியே இருவருக்கும் பேச்சுவார்த்தையே பெரிதாக இல்லை.

சரி, அவன் என்னதான் செய்கிறான்?

த்ரோ என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். இருவரும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அவன் அவள் இடுப்பைப் பிடித்து வீச, அவள் காற்றில் சுற்றிவிட்டுத் தொலைவில் ஒற்றைக் காலில் இறங்குகிறாள். பந்தை எறிகிற மாதிரி எறிவதாகத்தான் நமக்குத் தெரியும். உண்மையில் எழும்புவது அவள்தான், தன் காலால்தான் பனியை உதைக்கிறாள். அவள் உதைக்கிற அந்தக் கணத்தில் அவன் கை கூடச் சேரவேண்டும். கொஞ்சம் முந்தினால் அவள் கால் இன்னும் தயாராகியிருக்காது. கொஞ்சம் பிந்தினால் அவள் அச்சு சாய்ந்துவிடும், பிறகு காற்றில் அவள் என்ன செய்தாலும் சரிக்கட்ட முடியாது. ட்விஸ்ட் இதைவிடப் பொல்லாதது. தலைக்கு மேலே செங்குத்தாக வீசி, அவள் சுற்றி முடித்து வரும்போது இடுப்பில் பிடித்து இறக்கவேண்டும். 1987ல் சின்சினாட்டி உலகப் போட்டியில் இவர்கள் போட்டது நான்கு சுற்று. சுற்றுகிற உடம்பில் இடுப்பு எங்கே இருக்கும் என்று கை தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இத்தனையும் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடின் மேல் நின்றுகொண்டு.

கால்கரி 1988 ஒலிம்பிக் காணொளியை இன்னொரு தரம் போடுங்கள். இந்தத் தடவை அவளைப் பார்க்கவே வேண்டாம், அவனை மட்டும் பாருங்கள். த்ரோவில் அவளை விட்டதும் பல ஜோடிகளில் ஆண் ஒரு கணம் நின்று, விழாமல் இறங்கினாளா என்று பார்ப்பான். மனித சுபாவம் அது. செர்கேய் பார்ப்பதில்லை. அவள் இறங்கும்போது அவன் ஏற்கெனவே அந்தப் பக்கம் வந்துகொண்டிருப்பான், கை நீட்டியிருக்கும், அந்தக் கைக்குள் அவள் கை வந்து விழும். அவசரமே தெரியாது. அவன் இருப்பதே தெரியவில்லை என்று உங்கள் மனைவி சொல்கிறார் அல்லவா, அந்தத் தெரியாமைதான் அவன் வித்தை. அக்காலத்தில் ஒன்பது நடுவர்கள், 6.0 தான் உச்ச மதிப்பெண். நுட்பத்துக்கு ஒன்று, கலைக்கு ஒன்று என ஜோடிக்குச் சேர்த்துத்தான் போடுவார்கள். கைக்கென்று தனி மதிப்பெண் ஏது!

அந்தக் கையும் ஒருமுறை தவறியிருக்கிறது. கால்கரிக்கு மூன்று மாதம் முன்பு, 1987 நவம்பரில், பயிற்சியில் அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் போகும்போது அவன் பிளேடு பனியில் இருந்த ஒரு பள்ளத்தில் சிக்கிவிட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததில் தலையில் அடி, சில நாள் ஆஸ்பத்திரி வாசம். அவன் ரோஜாக்களோடு பார்க்கப் போனான். இருவருக்கும் இடையில் எல்லாம் மாறியது அங்கேதான் என்று அவளே பிற்பாடு தன் நூலில் எழுதியிருக்கிறாள். அடுத்த பிப்ரவரியில் அவளுக்கு 16, அவனுக்கு அப்போதுதான் 21 ஆகியிருந்தது. அதே தூக்கலை உலகமே பார்க்கச் செய்து தங்கம் வாங்கினார்கள். ரோஜாக் கதையை எல்லோரும் உருகி உருகிச் சொல்வார்கள். எனக்கு அதைவிட, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அவள் மறுபடி முதல்முறை அவன் கைக்கு மேலே ஏறிய நாள்தான் பெரிதாகப் படுகிறது.

ரோட்னினாவின் கதையைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கும் இசை நின்றிருக்கிறது. 1987 ஐரோப்பியப் போட்டி, சரயேவோ. செர்கேயின் கால்சட்டையைக் காலோடு பிடித்திருக்கும் பட்டை அறுந்து தொங்க, நடுவர் விசில் ஊதி இசையை நிறுத்தினார். இருவரும் காதில் வாங்காமல் கடைசிவரை ஆடினார்கள். மறுபடி ஆடச் சொன்னார்கள், ஆடவில்லை, போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பிராட்டிஸ்லாவாவில் மௌனத்தில் ஆடியவர்களுக்குப் பட்டம், சரயேவோவில் அதே மௌனத்துக்கு வெளியேற்றம்.

1994 பற்றி. 1990ல் நாலாவது உலகப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். 1991ல் கல்யாணம், 1992ல் மகள் தாரியா. இடையில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. தொழில்முறைக்காரர்களும் மீண்டும் ஒலிம்பிக்கில் ஆடலாம் என்று விதி மாறியதும் திரும்பி வந்தார்கள். நார்வேயின் ஹாமர் நகர அரங்கம், பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டா, நடன அமைப்பு மரீனா ஸுயேவா. தவறு நடந்தது உண்மைதான். இருவரும் அருகருகே தாவும் ஓரிடத்தில் செர்கேயின் இரட்டைச் சுற்று ஒற்றையாகச் சுருங்கிவிட்டது. எதிரில் நின்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1992 தங்கம் வாங்கிய மிஷ்குத்யோனோக்–திமித்ரியேவ், ரக்மனினோவ் இசைக்குப் பிசிறில்லாமல் ஆடியிருந்தார்கள். அந்த ஓர் இரவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல் என்றால் நான் அவர்களுக்குத்தான் கொடுத்திருப்பேன். ஆனால் இந்த முப்பது வருடத்தில் அவர்கள் ஆட்டத்தை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். மூன்லைட்டுக்குக் கணக்கே இல்லை. கால்கரியில் பார்த்த பெண் அண்ணன் தோளில் விளையாடுகிற தங்கை மாதிரி இருப்பாள். ஹாமரில் இருப்பவள் ஒரு தாய். அவளுக்காகவே ஸுயேவா அமைத்த ஆட்டம் அது. அவன் தூக்கிக் காட்டுகிற கை, இங்கே வணங்குகிற கையாகிவிடுகிறது. மேடை ஏறியபோது ஒலித்தது பழைய சோவியத் கீதம் இல்லை, ரஷ்யாவின் கீதம்; கிளிங்கா என்ற இசையமைப்பாளரின் வார்த்தையில்லாத மெட்டு. ஆறு வருட இடைவெளியில் அதே இரண்டு பேர் இரண்டு நாடுகளுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. தயங்க வேண்டியதில்லை, பலரும் மனதுக்குள் கேட்பதுதான். மரணம் ஒருவரைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் விஷயத்தில் வரிசையைப் பாருங்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கமும் நான்கு உலகப் பட்டமும் நான்கு ஐரோப்பியப் பட்டமும் எல்லாம் அவன் உயிரோடு இருக்கும்போதே வந்தவை. அவன் போகாமல் இருந்திருந்தால் உங்களுக்கு இன்னும் பத்து வருடக் காணொளிகள் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

1995 நவம்பர் 20. அமெரிக்காவின் லேக் பிளாசிட். ரோட்னினா தன் மூன்றாவது தங்கத்தை வாங்கிய அதே ஊர். க்ரீகின் பியானோ கான்செர்டோவுக்குப் புதிதாக ஓர் ஆட்டம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஸுயேவாவும் இருந்தார். ஒரு தூக்கலுக்கான இடம் வந்தது. இடுப்புக்கு வரவேண்டிய அவன் கை வரவில்லை. சில நாட்களாக முதுகு வலியென்று சொல்லிக்கொண்டிருந்தான், அதுதான் என்று கத்யா நினைத்தாள். அவன் வழுக்கிக்கொண்டே போய் மெல்லப் பனியில் படுத்தான். மாரடைப்பு. இதயத் தமனிகள் அந்த வயதுக்கு நம்ப முடியாத அளவு அடைபட்டிருந்தன. அவன் அப்பாவும் மாரடைப்பில் போனவர்தான். பிறகு ஆய்வாளர்கள் அவன் ரத்தத்தில் அதற்குக் காரணமாகக்கூடிய ஒரு மரபணு மாற்றத்தையும் கண்டார்கள்.

பதினான்கு வருடத்தில் அந்தக் கை வராமல் போனதற்கு அவளுக்குத் தோன்றிய ஒரே காரணம் முதுகு வலி என்பதை உங்கள் மனைவியிடம் படித்துக் காட்டுங்கள்.

1996 பிப்ரவரி 27ல் ஹார்ட்ஃபோர்டில் அவன் நினைவாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். அவள் முதல்முறையாகத் தனியாக ஆடினாள். மாலரின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து அந்த மெதுவான பகுதி. ஜோடியாக ஆடிப் பழகிய உடம்பு தனியாக ஆடும்போது எங்கே திணறும் என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஆடி முடித்து மைக்கைப் பிடித்தவள், இன்று நான் தனியாக ஆடவில்லை, செர்கேயோடுதான் ஆடினேன், நன்றாக வந்திருந்தால் காரணம் அதுதான் என்ற பொருளில் பேசினாள்.

ஒரு சின்னத் தகவல், முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒருமுறை செயற்கைப் பனித்தளம் ஒன்றின் கம்பியைப் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் முதலில் வேலை. தேங்காய் துருவுகிற மாதிரி கர்கர் என்று பிளேடு பனியைச் சுரண்டும் சத்தம், ஒவ்வொருவரிடமிருந்தும். ஆட்டம் தேறத் தேற அந்தச் சத்தம் குறையும். கத்யாவும் செர்கேயும் பக்கத்தில் கடந்து போனால்கூடச் சத்தம் கேட்காது என்று கூட ஆடியவர்கள் சொல்வதுண்டு. கால்கரிக்கு வர்ணனையாளர் குரல் இல்லாத பிரதி எங்காவது கிடைத்தால் அதைப் பாருங்கள். இரவு நேரம், பிள்ளைகள் தூங்கட்டும் என்று ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா