160 லிட்டருக்குப் பிறகு என்ன?

கேள்வி: 15 வயது மகள், 50 கிலோ. விடுமுறைக்கு மதுரையிலிருந்து மண்டபம் போய் 160 லிட்டர் கொள்ளளவு போர்டில் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றால் கடலில் ஓடுவது) பழகினாள். ஹார்னஸ் (பாயின் இழுவையை உடலால் தாங்க உதவும் பட்டை) மாட்டி ஓட்டுகிறாள். இப்போது வேகமான போர்டு கேட்கிறாள். எதை வாங்கலாம்?
– வாசகர், திருநகர்

பதில்: ரேஸ் போர்டு வேண்டவே வேண்டாம். பொழுதுபோக்காக ஓட்டுவதற்கான ‘ஃப்ரீரைடு’ வகையில் 100 லிட்டர், 65 செ.மீ. அகலம் பாருங்கள். 80க்கு இறங்கினால், காற்று விழுந்ததும் போர்டு தள்ளாடும். பாயைத் தூக்கி நிறுத்துவதே பெரும்பாடு. கால்பட்டைகளை முதலில் உள்துளைகளில் மாட்டுங்கள். விளிம்பில் மாட்டினால், வேகம் எடுப்பதற்குள் காலை நுழைக்கப்போய் போர்டு காற்றுக்கு எதிரே திரும்பிவிடும்.

பழையது என்றால், பாய்மரம் பொருந்தும் பள்ளத்தைச் சுற்றியும் குதிகால் படும் இடத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும்.

ஆடிக்காற்றில் மண்டபத்தின் வடபக்கக் கடல் தட்டையாகக் கிடந்து ஆசை காட்டும். ஆனால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். துணைப்படகு இல்லாமல் இறக்காதீர்கள்.